விட்டுப்போன ஒரு படி

என் பெயர் ஒரு அரசாங்கக் கோப்பில் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஜூன் முதல் தேதி, காலைப் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு ஆள் மண்டப அலுவலகத்துக்குள் வந்து என் மேசைமேல் ஒரு காகிதக் கட்டை வைத்தார்.

"யோகேஸ்வரிங்கறது நீங்கதானுங்களா?"

கணபதி பகுதியில் நான் மேலாளராக இருக்கும் இந்தக் கல்யாண மண்டபத்தில் என்னை எல்லோரும் 'மண்டபத்துக்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். முழுப் பெயரோடு ஒருவர் தேடி வந்தால் வரிக்காரராக இருக்க வேண்டும், அல்லது பழைய பாவமாக இருக்க வேண்டும். கட்டின் மேல் தாளைப் பார்த்தேன். இரண்டாவதுதான்.

'மிடறு கருவி: மென்பொருள் உருவாக்கும் கணினியைத் தயார் செய்தல். மொத்தம் 43 படிகள். எழுதியவர்: யோகேஸ்வரி. சரிபார்த்தவர்: பெனாசிர்.'

"என் பேரு நவநீதனுங்க. பொள்ளாச்சி. எம் பொண்டாட்டி வெளிய உக்காந்திருக்கறா. அந்தக் கருவி வெச்ச மொதல் ஆளு அவதான்."

எட்டிப் பார்த்தேன். வாசல் நாற்காலியில் நாற்பது வயதுக்காரி ஒருத்தி, கூப்பிடாத கல்யாணத்தின் கேசரியைத் தொன்னையில் வைத்துக்கொண்டு, ஒரு விள்ளலை வாயில் போட்டு, கண்ணை மூடி, மெல்ல விழுங்கினாள். அவள்தான் மிருதுளா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பஸ் விபத்தில் தொண்டை நரம்பு அறுந்துபோனவள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் மிடறு மெடிடெக் என்ற கம்பெனியில் வேலை பார்த்தேன். விழுங்க முடியாதவர்களின் கழுத்துக்குள் வைக்கும் சின்னக் கருவியைச் செய்தோம். மூளை 'விழுங்கு' என்றால் அது நரம்பைத் தட்டிவிடும். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வைத்த பிறகு கம்பெனி மூடப்பட்டது. கணினிகள் உக்கடம் காயலான் கடைக்குப் போயின. அடுத்த இரண்டு வருஷத்தில் நிரல் எழுதும் வேலையே ஒழிந்தது. எல்லாவற்றையும் இப்போது 'துணை' என்ற அரசு இயந்திரமே எழுதிக்கொள்கிறது. நான் பந்திக்கு இலை எண்ண வந்துவிட்டேன்.

"மெடிக்கல் காலேஜுல சோதனைக்குன்னு ஒரு கருவிய மேசை மேலயே ஓட விட்டிருந்தாங்களாம். போன மாசம் பட்டுன்னு நின்னு போச்சுங்க. அறுபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்து முப்பத்தாறு மணி நேரம். அதுக்கு மேல அதுக்கு எண்ணத் தெரியலைங்களாம். இவளுக்கு அந்தக் கணக்கு ஜூன் இருபது, காலைல பதினொரு மணிக்கு முடியுது."

"எடுத்துட்டு வேற வைக்கலாமே?"

"நரம்போட ஒட்டி வளந்துருச்சுங்க. எடுத்தா பேச்சும் போயிரும், பாதி மூஞ்சியும் போயிரும்ங்கறாங்க. நின்னுட்டா வயித்துல குழாய் போட்டு கஞ்சி ஊத்தறதுதான். எச்சில்கூட எறங்காதுங்க. அதையும் மெஷின் வெச்சு உறிஞ்சணும்."

"அணைச்சுட்டு மறுபடி ஓட்டினா?"

"அந்த எண்ணு அழியாதுங்களாம்."

பிறகு அவர் என்னைப் பார்த்துத் தயங்கினார். "கருவி எப்படி வேலை செய்யுதுன்னு நீங்க எழுதின நிரலெல்லாம் அரசாங்கத்துகிட்ட பத்திரமா இருக்குதுங்க. ஒரே ஒரு வரிய மாத்தினா போதுமாம். ஆனா கம்பைலரு வேணுங்கறாங்க. அது என்னதுங்க?"

"நாம எழுதறது மெஷினுக்கு அரிசி பருப்பு மாதிரிங்க. அப்படியே தின்னாது. கம்பைலர்தான் அதை மாவாக்கிக் குடுக்கற கிரைண்டரு."

"அந்தத் துணையே அரைச்சுக் குடுக்காதுங்களா?"

குடுக்கும். இரண்டே நொடியில் குடுக்கும். ஆனால் கருவி அதை ஏற்காது. மனிதக் கழுத்துக்குள் கண்டவனும் கண்டதையும் ஏற்றிவிடக் கூடாது என்று ஒரு பூட்டு போட்டிருந்தோம். நிரலை அரைத்த கணினியில் கம்பைலரும் அதன் துணைக் கோப்புகளும் என்னென்ன இருந்தனவோ, அத்தனையும் சேர்ந்து ஒரு முத்திரை உண்டாகும். அந்த முத்திரை இருந்தால்தான் கருவி வாயைத் திறக்கும். ஒரு கோப்பில் ஒரு எழுத்து, ஒரு இடைவெளி மாறினாலும் முத்திரை மாறிவிடும். ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் முத்திரையின் முதல் எட்டு எழுத்து மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க, அச்சடித்திருந்தது. முழு முத்திரை கருவிக்கு மட்டும்தான் தெரியும். அப்போது இந்த ஏற்பாட்டைப் பார்த்து நாங்களே முதுகில் தட்டிக்கொண்டோம்.

"அப்ப இந்த நாப்பத்து மூணு படியையும் அப்படியே செஞ்சா அதே கிரைண்டரு கெடைச்சிரும். அவ்வளவுதானுங்களே?" என்றார் நவநீதன். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

"அவ்வளவுதான்," என்றேன். கட்டின் மேல் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

கல்லூரிக்காரர்கள் ஒரு பழைய மேசைக் கணினியைத் தந்தார்கள். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மண்டபத்தின் மணமகன் அறையில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எதிரில் மாலை மாட்டும் ஆணி, நிலைக்கண்ணாடி, யாரோ விட்டுப்போன பட்டு அங்கவஸ்திரம். நவநீதன் படிகளை உரக்கப் படிப்பார், நான் செய்வேன், மிருதுளா முடிந்த படிகளை அடிக்கோல் வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவாள். கம்பைலரில் இந்தப் பதிப்புதான், இதற்கு அடுத்தது ஆகாது. இந்த நூலகக் கோப்பை இந்த அடைவில் போடு. இந்தப் பாதையை இப்படி அமை. எல்லாம் என் கை எழுதியது. ஒவ்வொரு படியிலும் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கெட்டிக்காரப் பெண் எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். அவளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது.

இருபத்தெட்டாம் படிவரை எல்லாம் சரியாகப் போயிற்று. இருபத்தொன்பதாம் படி: 'இப்போது நிரலைத் தொகுக்கவும். பிழை எதுவும் வராது.' தொகுப்பது என்றால் அந்த அரைக்கும் வேலைதான்.

பிழை வந்தது. கருவி ஓடிய மணிகளை எண்ணும் மணிக்கணக்குக் கோப்பு ஒன்றைக் காணவில்லை என்றது திரை. ஆவணம் முழுவதும் தேடினேன். அப்படி ஒரு கோப்பைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

"இந்தப் பெனாசிர் மேடத்தைக் கேட்டுப் பாக்கலாமுங்க்கா," என்றாள் மிருதுளா. "சரிபார்த்தவர்னு போட்டிருக்குதே. அவங்க செஞ்சு பாத்தப்ப இது வந்திருக்கணுமில்ல? எப்படிச் சரி பண்ணுனாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நவநீதன் அதற்குள் செல்போனை எடுத்துவிட்டார். இனி மறைக்க முடியாது.

"தம்பி, வேண்டாம். பெனாசிர் இதைப் பாக்கவே இல்லை."

"கையெழுத்து இருக்குதுங்களே?"

"நான்தான் போட்டேன்."

சொன்னேன். எங்கள் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. ஆவணத்தை எழுதியவர் தன் கணினியில் ஓடுகிறது என்று சொன்னால் செல்லாது. வேறொருவர், ஒன்றுமே இல்லாத வெறும் கணினியில், எழுதியதை மட்டும் பார்த்து முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டும். அதற்கென்றே ஒரு வெறும் கணினி இருந்தது. ஆவணம் ஒப்படைக்க வேண்டிய கெடு ஆயுத பூஜை அன்று மாலை. கெடு வைத்தவர்கள் வெளிநாட்டுத் தணிக்கைக்காரர்கள், அவர்களுக்கு நம் பண்டிகை தெரியாது. பெனாசிர் நான்கு நாள் விடுமுறைக்குப் பாலக்காடு போயிருந்தாள். அந்த வெறும் கணினிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மேலே எலுமிச்சம்பழமும் பொரிகடலையும் வைத்து, அவல் உருண்டையோடு கும்பிட்டு முடித்திருந்தார்கள். பூஜை போட்ட இயந்திரத்தை மறுநாள்வரை தொடக் கூடாது. தொட எனக்கும் மனம் வரவில்லை. அல்லது, தொடக் கூடாது என்றதும் எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. பெனாசிரின் கடவுச்சொல் எனக்குத் தெரியும், என்னுடையது அவளுக்குத் தெரியும். அந்த அலுவலகத்தில் நட்பு என்றால் அதுதான். அவள் பெயரில் நுழைந்து ஒப்பம் வைத்துவிட்டு, பொரி தின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

நவநீதன் எழுந்து வெளியே போனார். திட்டியிருக்கலாம். திட்டாமல் போனதுதான் சுட்டது. மிருதுளா அடிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இத்தனை நாள் நான் விழுங்குனதும் உங்க வேலையாலதானுங்க்கா," என்றாள். அது ஆறுதலா குத்தலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் கோப்பு என் பழைய கணினிக்கு எப்படி வந்தது என்று அன்று மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. நான் வேலையில் சேர்ந்த வாரம் இதே பிழை வந்திருந்தது. பக்கத்து இருக்கை பிரிட்டோ சார் எட்டிப் பார்த்து, பென் டிரைவ் ஒன்றை நீட்டி, "இதைப் போட்டுக்க, ஓடும்" என்றார். போட்டேன், ஓடியது. மறந்தேன். ஆவணம் எழுதும்போது அந்தக் கோப்பு என் கணினியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால், பிழையே வரவில்லை. தன் வீட்டுப் படிக்கட்டில் உடைந்த படி எது என்று வீட்டுக்காரனுக்குத் தெரியாது. அவன் கால் தானாகத் தாண்டிவிடும்.

பிரிட்டோவைத் தேடிப் போவதற்கு முன்னால், மூவரும் மறுபடி உட்கார்ந்து துணையிடம் கேட்டுப் பார்த்தோம். அதற்கென்ன என்று ஒரு மணிக்கணக்குக் கோப்பைத் தானே எழுதித் தந்தது. தொகுத்தோம். முழுதாக ஓடி முடிந்தது. நவநீதன் கையைத் தட்டினார். எட்டு எழுத்தை ஒப்பிட்டேன். ஒன்றுகூட ஒத்துப் போகவில்லை.

"முத்திரை இருக்கட்டும்," என்றது துணை, அதற்கே உரிய பவ்வியத்தோடு. "நீங்கள் சொல்லும் குறை இதில் இல்லையே? நிரல் வரி எதையும் நீங்கள் இன்னும் மாற்றவில்லை. ஆனால் இதைக் கொண்டு ஓடும் கருவி நூறு வருடம் எண்ணினாலும் நிற்காது."

எனக்கு முதலில் புரியவில்லை. மறுபடி கேட்டேன், மறுபடி அதையே சொன்னது. நாங்கள் எழுதிய நிரலில் குற்றமே இல்லை. குற்றம் இருந்தது காணாமல் போன அந்தக் கோப்பில். உலகத்திலேயே அது இருந்த ஒரே கணினி என்னுடையது. அங்கே அரைத்த மாவுதான் இருநூற்றுப் பன்னிரண்டு கழுத்துக்குள்ளும் போயிருக்கிறது.

அந்த ஆயுத பூஜை அன்று நான் அந்த எலுமிச்சம்பழத்தை நகர்த்திவிட்டு வெறும் கணினியைத் திறந்திருந்தால், இருபத்தொன்பதாம் படியில் இதே பிழை வந்திருக்கும். யாராவது சரியான கோப்பைப் போட்டிருப்பார்கள். யார் கழுத்திலும் எதுவும் நின்றிருக்காது.

இதை அவர்கள் இருவரிடமும் அங்கேயே சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அழ எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தே அழுதேன். மிருதுளா எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பிறகு அதே சொம்பிலிருந்து அவளும் ஒரு வாய் குடித்தாள்.

பிரிட்டோ சார் ஒண்டிப்புதூரில் மகள் வீட்டில் இருந்தார். அறுபத்தெட்டு வயது, காது மந்தம், மற்றபடி கல்லுக்குண்டு. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அது கருவிக்கு எழுதினதே இல்ல யோகா. மோட்டாருக்கு எழுதினது. மிடறுக்கு வர்றதுக்கு முன்னால பம்பு மோட்டார் கம்பெனில இருந்தேன்ல? மோட்டார் எத்தனை மணி ஓடுச்சுன்னு எண்ணற கோப்பு. அந்த மோட்டாருக்கு ஏழு வருஷம் கேரண்டி. அதுக்கு மேல எண்ணி என்ன பண்ணப் போறோம்னு சின்ன எண்ணா வெச்சேன்."

"இதுக்கு எதுக்கு சார் குடுத்தீங்க?"

"நீ சேந்த மொத வாரம், பாவமா மூஞ்சிய வெச்சுட்டு உக்காந்திருந்த. அன்னைக்கு ஓடினா போதும்னு குடுத்தேன். அப்புறமா நல்லதா ஒண்ணு எழுதிக்குவேன்னு நெனச்சேன். நீயும் அப்படித்தான நெனச்சிருப்ப?"

ஆமாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நினைத்தேனா என்பதே சந்தேகம்.

குறையுள்ள அந்தக் கோப்பே ஒரு எழுத்து மாறாமல் கிடைத்தால்தான் முத்திரை ஒத்துவரும்; அதன் பிறகு எங்கள் நிரலில் ஒரு வரியை மாற்றி அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடலாம். ஆனால் பென் டிரைவ் போன இடம் தெரியவில்லை. மோட்டார் கம்பெனியின் பழைய கணினி வட்டுகள் எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன. மிச்சம் இருந்தது பிரிட்டோவின் தலை ஒன்றுதான். நாற்பது வரிக் கோப்பு. உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினார். என்ன செய்யும் என்பதை அச்சு அசலாக எழுதினார். ஆனால் எங்கே எத்தனை இடைவெளி விட்டார், தலைப்பில் தேதியை எப்படிப் போட்டார், தன் பெயருக்கு முன்னால் இனிஷியல் வைத்தாரா, எதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல, துணை அதை லட்சக்கணக்கான விதமாக மாற்றிப் போட்டுப் பார்த்தது. தினமும் காலையில் மண்டபத்துக்கு வந்துவிடுவார். ஒரு வரியை அடிப்பார், திரும்பப் போடுவார், தலையில் அடித்துக்கொள்வார்.

"இன்னும் எவ்வளவு நாள் புடிக்கும்?" என்று துணையிடம் நவநீதன் கேட்டார்.

"அவர் நினைவில் இருப்பது முழுவதும் சரியானால் சில நாட்கள். நான்கைந்து இடத்தில் தவறானால், ஆயிரம் வருடத்துக்கு மேல்," என்றது. "எந்த இடம் தவறு என்று எனக்குத் தெரியாது."

எட்டு எழுத்து கடைசிவரை ஒத்துவரவில்லை. ஜூன் பத்தொன்பது மாலை பிரிட்டோ சார் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

இருபதாம் தேதி காலை நானும் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழாய் போடும் டாக்டர் தயாராக இருந்தார். கட்டிலின் பக்கத்து மேசையில் நவநீதன் என்னென்னவோ வாங்கி வைத்திருந்தார். நெய் வழியும் மைசூர்பாகு, மட்டன் பிரியாணி, பலாச்சுளை, ஐஸ்கிரீம். மிருதுளா ஒரு இட்லியைப் பிட்டு, தேங்காய்ச் சட்னியில் தொட்டு, பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினாள்.

"இன்னொரு வாய், கண்ணு. உனக்குப் பிடிக்குமில்ல," என்றார் நவநீதன்.

"போதுமுங்க."

பத்து ஐம்பதுக்கு டாக்டர் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். தொண்டையில் ஏதாவது இருக்கும்போது நின்றுவிட்டால் ஆபத்து. மிருதுளா என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு அடுத்தது யாருங்க்கா?"

பட்டியல் என்னிடம் இருந்தது. "தாராபுரத்துல மயில்சாமின்னு ஒருத்தர். செப்டம்பர் ரெண்டு, மத்தியானம்."

"அவருக்குச் சொல்லியாச்சா?"

"இல்லை. யார் சொல்லணுங்கற ஃபைலு மூணு ஆபீஸ் சுத்திட்டு இருக்குது. கருவியப் பத்தி விவரம் வேணும்னா கூப்பிடுங்கன்னு எல்லாருக்கும் ஒரு லெட்டர் போட்டிருக்காங்க. அதுல என் நம்பரைப் போட்டுட்டாங்க."

அவள் பட்டியலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "சொல்லாதீங்க்கா."

"சொல்லாம எப்படி? சாப்பிட்டுட்டு இருக்கறப்ப நின்னுட்டா?"

"மொத நாளு சொல்லுங்க. அது போதும். எனக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்து நான் ஒரு வாய்கூடச் சாப்பிடலீங்க. எண்ணிட்டேதான் இருந்தேன். இது எத்தனாவது, இன்னும் எத்தனைன்னு. உங்க மண்டபத்துல தின்ன கேசரி என்ன ருசின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. இவரு ஊருல இருக்கறதெல்லாம் வாங்கிட்டு வந்து குடுத்தாரு. எல்லாம் ஒரே மாதிரி மண்ணாட்டம் இருந்துச்சு. அவங்களாவது சாப்பிடட்டும்."

நவநீதன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பதினொரு மணிக்கு ஒன்றும் ஆகவில்லை போலத்தான் இருந்தது. சத்தம் இல்லை, வலி இல்லை. மிருதுளா தொண்டையில் கையை வைத்துப் பார்த்தாள். மறுபடி விழுங்க முயன்று பார்த்தாள். பிறகு துண்டை எடுத்து வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் மண்டபத்தில் இருந்தபோது போன் வந்தது. எதிர்முனையில் நாதஸ்வரமும் பாத்திரச் சத்தமும்.

"ஏனுங், தாராபுரம் மயில்சாமி பேசறனுங்க. கழுத்துல மெஷின் வெச்சிருக்கற ஆளு. உங்க நம்பரு போட்டு ஒரு கடுதாசி வந்துச்சு. பேத்திக்குச் சீரு, அந்த வேலைல கூப்பிட முடியல. ஒண்ணும் தொந்தரவு இல்லீங்களே?"

பட்டியல் என் முன்னால் இருந்தது. அவர் பெயருக்கு நேரே தேதியும் நேரமும். அவருக்கு இன்னும் எழுபது நாள். எழுபது நாளில் நல்ல டாக்டராகப் பார்க்கலாம், ஆயத்தம் செய்யலாம், பேத்தியோடு உட்கார்ந்து பேசலாம், கேஸ் போடலாம், என்னைத் தேடி வந்து செருப்பால் அடிக்கலாம். ஒரு மனிதனுக்கு அந்த உரிமை உண்டு. அதை எடுத்துக்கொள்ள நான் யார் என்று கேட்டுக்கொண்டேன். பேச வாயைத் திறந்தேன்.

"இருங்க இருங்க," என்றார். யாரிடமோ, "அட, ஊத்து சாமி, இன்னும் ஒரு டம்ளரு" என்றார். பிறகு என்னிடம், "பச்சப்பயறு பாயசமுங்க. என்ன ருசிங்கறீங்க! சொல்லுங்க, பயமில்லாமச் சாப்பிடலாமுங்களே?"

"சாப்பிடுங்க," என்றேன்.

அவர் போனை அணைக்க மறந்து பக்கத்தில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. நானும் அணைக்கவில்லை. பாயசம் இறங்கும் சத்தம் மடக் மடக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது.